சிறுகோணச் சிதறல்: பள்ளம் ஏன் தூர்ந்துபோகிறது? (கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, 50 நானோமீட்டர் ஆரமுள்ள சிலிக்கா உருண்டைகளை நியூட்ரானில் அளந்தேன். சிறு கோணங்களில் சிதறி வரும் நியூட்ரான்களின் எண்ணிக்கையை வரைந்தால், வளைகோட்டில் ஆழமான பள்ளம் விழவேண்டிய இடத்தில் லேசான தொய்வுதான் இருக்கிறது. சாம்பிள் கெட்டுவிட்டதா?

பதில்: கொட்டிவிடாதீர்கள். க்யூவை (சிதறல் கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவு) ஆரத்தால் பெருக்கினால் 4.49 வரும் இடத்தில் முதல் பள்ளம். உங்களுக்கு அது நானோமீட்டருக்கு 0.09. கணக்குப்படி அங்கே சிதறலே பூஜ்யம். ஆனால் டிடெக்டரின் ஒரு புள்ளியில் ஒரே க்யூ மட்டும் வந்து விழுவதில்லை. நியூட்ரான்களின் அலைநீளம் சுமார் 10 சதவீதம் பரவியிருக்கும், பீமுக்கும் தடிமன் உண்டு. இருபுறத்து மேடுகளும் சரிந்து பள்ளத்தைத் தூர்த்துவிடுகின்றன. உருண்டைகள் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் இதே தொய்வுதான் வரும். ரெசல்யூஷனை, அதாவது கருவி தரும் இந்த மழுங்கலை, விட்டுவிட்டு மாடலை ஃபிட் செய்தால் பழி முழுக்கப் பாலிடிஸ்பர்ஸிட்டி (உருண்டைகளின் அளவு வேறுபாடு) தலையில் விழும்! எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நானும் ரெசல்யூஷன் சேர்த்தேன். அலைநீளத்துக்கு 10 சதவீதம் போட்டால் மாடலின் பள்ளம் டேட்டாவைவிட ஆழம் குறைந்துவிடுகிறதே?

பதில்: அந்த 10 சதவீதம் பாதி உயரத்தில் எடுத்த முழு அகலம். சாஃப்ட்வேர் பெரும்பாலும் கேட்பது சிக்மா, அதாவது திட்ட விலக்கம். அது ஏறக்குறைய 4 சதவீதம்தான். இதிலேயே நானும் ஒருகாலத்தில் இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: டேட்டாவிலிருந்தே மழுங்கலை நீக்கிவிட்டால் என்ன, மேடம்?

பதில்: நீக்கப்போனால் இரைச்சல்தான் பெருகும். மாடலை மழுக்கி டேட்டாவோடு ஒப்பிடுங்கள். நீளமான ஸ்லிட் வைத்த லேப் எக்ஸ்ரே கருவியிலும் அதுவே என் வழக்கம். அங்கே ஸ்லிட்டின் மழுங்கலால், பெரிய க்யூ பகுதியில் லாக்-லாக் வரைபடத்தின் சரிவு மைனஸ் 4க்குப் பதில் மைனஸ் 3 என்று தெரியும். பரப்பு சொரசொரப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: டிடெக்டரைத் தள்ளி வைத்தால் கூர்மை கூடுமா?

பதில்: க்யூ சிறிதாக இருக்கும் பகுதியில் கூடும், அங்கே பீமைக் குறுக்கும் துளைகளும் தூரமும்தான் ராஜா. பெரிய க்யூவில் அலைநீளப் பரவல்தான் ஆட்டிவைக்கும், தூரம் உதவாது. துளையைச் சுருக்கினாலோ நியூட்ரான் எண்ணிக்கை சரியும். தூரம் கூடக்கூடப் புவியீர்ப்பும் சேர்ந்துகொள்ளும். 10 ஆங்ஸ்ட்ரம் நியூட்ரான் விநாடிக்கு 396 மீட்டர்தான் போகும். சாம்பிளுக்கு முன்னே 20 மீட்டர், பின்னே 20 மீட்டர் என்றால் டிடெக்டரில் பீம் 2.5 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். மெதுவாக வருபவை இன்னும் கீழே விழுவதால் அந்த 10 சதவீதப் பரவல் அரை சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழுமாக இழுத்துவிடும். வட்டமாகச் சராசரி எடுக்குமுன் பீமின் மையத்தை அந்தத் தூரத்திலேயே மறுபடி அளந்துகொள்ளுங்கள்.