கோழித் துண்டை ஒதுக்கிச் சாற்றை மட்டும் கொடுக்கலாமா?

கேள்வி: என் தந்தையின் எடை 60 கிலோ. நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையில் இருப்பதால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார். எனவே, கோழித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, அவற்றை வேகவைத்த சாற்றை மட்டும் கொடுத்து வருகிறோம். இது சரிதானா?

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் ஒதுக்க வேண்டியதைக் கொடுத்து, அளவோடு கொடுக்க வேண்டியதை ஒதுக்கியிருக்கிறீர்கள். இறைச்சி கொதிக்கும்போது அதிலுள்ள பொட்டாசியத்திலும் பாஸ்பரஸிலும் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுகிறது. சமையலில் சேர்த்த உப்பும் அந்த நீரில்தான் கரைந்திருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இம்மூன்றும் உடலில் தேங்கித் தீங்கு செய்யக்கூடியவை. புரதத்தின் பெரும்பகுதியோ துண்டிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே துண்டுகளைத் தாராளமான நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகு வேண்டிய விதத்தில் சமைத்துக் கொடுப்பதே நல்லது.

எவ்வளவு கொடுக்கலாம்? புரதத்தைக் குறைப்பது என்றால் அறவே நிறுத்துவதன்று. நிறுத்தினால் தசைகள் கரைந்து உடல் நலியும். டயாலிசிஸ் தேவைப்படாத நிலையில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு (சிலருக்கு மருத்துவர் இதைவிடக் குறைப்பதும் உண்டு). அதன்படி உங்கள் தந்தைக்கு ஏறத்தாழ 48 கிராம். சமைத்த, தோலில்லாத 100 கிராம் நெஞ்சுக்கறியிலேயே சுமார் 30 கிராம் புரதம் இருக்கிறது; தானியம், பருப்பு, பால் ஆகியவற்றிலிருந்தும் புரதம் சேரும் என்பதால், ஒரு வேளைக்குச் சமைத்த கறி 50 கிராம் போதுமானது. அன்றைக்குப் பருப்பையும் முட்டையையும் குறைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறி வெந்தால் எடை குறையும். ஆகவே எலும்பு நீக்கி, சமைத்த பின்பே நிறுத்துப் பாருங்கள்.

ஈரலில் பாஸ்பரஸ் மிகுதி, தவிர்த்துவிடலாம். தோலையும் நீக்கிவிடுங்கள்.

எனக்குக் கோழியைவிட அதிகக் கவலை தருவது, பதப்படுத்தி உறையில் அடைத்து விற்கப்படும் கோழி உணவுகள்தாம். உப்பு மிகுந்த அவற்றில் பெரும்பாலும் பாஸ்பேட்டும் சேர்க்கப்படுகிறது. இறைச்சியில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியே உடலில் சேர, இப்படிச் சேர்க்கப்பட்டதோ பெரும்பாலும் முழுமையாகவே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. உறையில் அச்சிட்டுள்ள சேர்மானங்களில் 'பாஸ்பேட்' என்று முடியும் பெயர் இருந்தால் வாங்காதீர்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதையும் பயன்படுத்த வேண்டாம்.

டயாலிசிஸ் தொடங்கினால் இந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது புரதம் இழக்கப்படுவதால் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை, அதாவது 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம் வரை தேவைப்படும். ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் யாரேனும் கேட்டால், மேலே சொன்ன 50 கிராம் கணக்கை அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.