ரோந்து போனா போதாதா?

கேள்வி: ரோந்து வண்டி நிறைய சுத்தினாலே திருட்டு குறைஞ்சிடுமே, இதுக்குப் போய் ஆராய்ச்சி எதுக்கு சார்?

பதில்: எல்லாரும் அப்படித்தான் நம்பிட்டிருந்தாங்க. 1972-73ல அமெரிக்காவோட கான்சஸ் சிட்டில ஒரு வருஷம் சோதிச்சுப் பாத்தாங்க, சில ஏரியால ரோந்தைக் கூட்டி, சிலதுல வழக்கம்போல விட்டு, சிலதுல நிறுத்திட்டு கூப்பிட்டா மட்டும் போனாங்க, குற்றத்துலயும் சரி ஜனங்க பயத்துலயும் சரி பெருசா வித்தியாசமே இல்ல! அதுக்காக போலீஸே வேணாம்னு எடுத்துக்காதீங்க. அதே அமெரிக்காவோட மினியாபொலிஸ் நகரத்துல பாத்தா சுமார் 3 சதவீத முகவரிலேருந்துதான் போலீஸுக்குப் பாதி போன் கால் வந்திருக்கு, அந்த மாதிரி இடத்துல ரோந்தைக் குவிச்சப்போ நல்ல பலன். ஆராய்ச்சி எதுக்குன்னு கேட்டீங்களே, தப்பு பண்ணாம இருக்கணும்னு ஜெயிலைக் காட்டி பசங்கள பயமுறுத்துற திட்டம் இருக்கே, அது குற்றத்தை அதிகமாக்கிச்சுன்னுதான் ஆய்வுகள் சொல்லுது, சோதிக்காமலே எத்தனை பசங்களை அனுப்பியிருப்பாங்கன்னு நினைச்சா மனசு பதறுது.