ஏ.ஐ. என்ற பெயருக்காக மாந்தோப்பை அடமானம் வைக்காதீர்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் கணிதம்-உயிரியல் பிரிவு. தாத்தாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்ததிலிருந்து, யாருக்கு நோய் முற்றும் என்பதைக் கணினி முன்கூட்டியே சொல்லுமாமே, அந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். ஓசூர் மாமா தனியார் கல்லூரியில் பி.டெக். ஏ.ஐ. சீட் பேசிவிட்டார், மேனேஜ்மென்ட் கோட்டா. மாந்தோப்பை அடமானம் வைக்கலாமா?

வேண்டாம், ஐயா. உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கடன் வாங்கிச் சேரும் அந்தப் படிப்பு, மகள் கேட்பதை நேராகத் தராது. புரோகிராமிங் பிடிக்காது, நிகழ்தகவுக் கணக்கு என்றால் உயிர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் சொல்லும் வேலைக்கு அடித்தளம் புள்ளியியல். பி.எஸ்சி. புள்ளியியல் மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியல் (மருத்துவ, உயிரியல் தரவுக்கான புள்ளியியல்) இரண்டு ஆண்டு.

வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, பி.எஸ்.ஏ. அளவு (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), கிளீசன் மதிப்பெண் (திசுவைப் பார்த்துப் புற்றின் தீவிரத்துக்குத் தரும் தரம்), நோய் எலும்புக்குப் பரவியதா, என்ன சிகிச்சை என்று ஒரு வரி. அதோடு இரண்டு கட்டங்கள்: கடைசியாகத் தகவல் கிடைத்த தேதி, அன்று அவர் நிலை. தவறெல்லாம் இந்த இரண்டில்தான் நடக்கும். பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமத்துப் பெரியவர் மூன்று மாதத்துக்கொரு முறை ஹார்மோன் ஊசி போட வருகிறார். இரண்டு ஊசியோடு நின்றுவிட்டார், போன் எண்ணும் மாறிவிட்டது. 'இன்றும் உயிருடன்' என்று பதிந்தால், சிகிச்சையை நிறுத்துவது நல்லது என்று ஏ.ஐ. கற்றுக்கொள்ளும். அவரை நீக்கிவிட்டால் ஏழை நோயாளிகளே கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள். கடைசித் தேதி வரை உயிருடன் இருந்தார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளும் கணக்குமுறைகள் 1958-ல் கப்லான்-மையர், 1972-ல் காக்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் தந்தவை. நோய் முற்றியவர்களே வராமல் நின்றால் அவையும் பிசகும். இறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, வீடு தேடிப் போய் விசாரிக்க வேண்டும்.

2020-ல் நடந்த 'பாண்டா' போட்டியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திசு ஸ்லைடுகளை வைத்துக் கிளீசன் தரம் சொல்ல ஏ.ஐ.க்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி ஸ்லைடுகள் நெதர்லாந்து, ஸ்வீடனிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் இந்நோயால் இறக்கும் விகிதம் வெள்ளையரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அங்கேயே ஆய்வுகளில் அவர்கள் பங்கு குறைவு. நம் ஊரில் பலர் எலும்பு வலி வந்த பிறகே மருத்துவரைப் பார்க்கிறார்கள். வேறு மக்களிடம் கற்ற மாடல் '20 சதவீத ஆபத்து' என்றால், இங்கே அப்படிப்பட்ட நூறு பேரில் உண்மையில் எத்தனை பேருக்கு நோய் முற்றியது என்று சரிபார்த்துத் திருத்த ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் உங்கள் மகள் ஆகப்போகிறாள்.

எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியல் வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் தரவு சேர்க்கிறது. சென்னையிலேயே தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் உண்டு. பெங்களூரு மருந்தாய்வு நிறுவனங்கள் எஸ்.ஏ.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தவர்களை எடுக்கின்றன. தொடக்கச் சம்பளம் மாமா சொல்லும் தொகையாக இருக்காது. கழுத்தை நெரிக்கும் கடனும் இருக்காது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் மட்டும் முதலாண்டிலேயே பழக வேண்டும். இலவசம்தான், கணக்குக்காக எழுதும் கோடிங் அவளுக்குக் கசக்காது.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பம் புள்ளியியல், அடுத்தது கணிதம். சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் துறை உண்டு. கணிதம்தான் கிடைத்தால், புள்ளியியல் துணைப்பாடமாக உள்ள கல்லூரியாகப் பாருங்கள். எம்.எஸ்சி. தகுதி விதியைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.