ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டது, தலைசுற்றலுக்கு பேலன்ஸ் டெஸ்ட் அவசியம்தானா?

அவசியம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் சுற்றியிருப்பவர்கள் உங்களை நம்பாமல் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, உள்காது பாதிக்கப்பட்ட நோயாளி. அப்படி எடுத்துக்கொண்டே படியுங்கள்.

எம்.ஆர்.ஐ. கட்டி, பக்கவாதம் போன்றவற்றைத் தேடுகிறது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது அளப்பதில்லை. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. வேலைக்காக நடந்த மருத்துவ மதிப்பீட்டில் காலைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். விழாமல் நின்றேன். "நல்லாத்தானே நிக்கறீங்க" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒரு காது மெல்ல மெல்லப் பழுதானால் மூளை ஈடுகட்டப் பழகிவிடும், அந்தச் சோதனையில் பலரும் அசையாமல் நிற்பார்கள். மதிப்பீடு செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அப்புறம்தான் வேறு மருத்துவர் கலோரிக் டெஸ்டுக்கு எழுதிக்கொடுத்தார். படுக்கவைத்து, இருட்டுக் கண்ணாடி மாட்டி, காதுக்குள் 30 டிகிரி நீரும் பிறகு 44 டிகிரி நீரும் விடுவார்கள். உடல் சூட்டைவிட 7 டிகிரி குறைவு, 7 டிகிரி அதிகம். நல்ல காது என்றால் தலை சுழலும், கண்கள் தாமாகவே ஆடும். கண்ணாடியில் உள்ள கேமரா அதைப் பதிவு செய்யும். வலது காதில் விட்டபோது கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டேன். இடது காதில் விட்டபோது நீர் பட்டது மட்டும்தான் தெரிந்தது. அந்த அமைதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் நான் சொன்னது பொய்யில்லை என்று இயந்திரமே சொன்னது போல இருந்தது. இரண்டு காதுக்கும் இடையே ஏறத்தாழ 25 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பலவீனம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைத் தாண்டியே இருந்தது.

"இதையும் நடிக்கலாமே" என்று யாராவது வருவார்கள். ஆடும் மேடையில் நிற்கும் சோதனையில் நோயாளியின் ஒத்துழைப்பு வேண்டும், அது சரி. ஆனால் நீர் பட்டதும் இருட்டில் கண் ஆடுவது நம் விருப்பப்படி நடப்பதில்லை.

அதற்காக, டெஸ்ட் நார்மல் என்றால் நோயே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. மெனியர் என்ற உள்காது நோயிலும் ஒற்றைத் தலைவலியோடு வரும் தலைசுற்றலிலும் இடைப்பட்ட நாட்களில் எல்லாமே நார்மலாக வரலாம். படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் சுற்றினால், முதலில் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை, அதாவது தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு இயந்திரமே வேண்டாம்.

இன்னொன்று. ரிப்போர்ட் என்று ஒற்றை வரியைத்தான் கையில் கொடுத்தார்கள். கண் ஆட்டத்தைப் பதிவு செய்த வரைபடத்தை வாங்க நான் சண்டையே போட வேண்டியிருந்தது. நம் காது, நம் அளவு, அதைத் தருவதற்கு என்ன தயக்கம்? நீங்கள் அன்றைக்கே நகல் கேட்டு வாங்கிவிடுங்கள். தலைசுற்றல் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் டெஸ்டுக்கு முன் எப்போது நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள், அந்த மாத்திரை முடிவைக் குறைத்துக் காட்டலாம். திரும்பி வரும்போது கூட ஒரு ஆள் இருக்கட்டும்.