அந்த ஐம்பதாயிரத்தை இப்போது கட்டாதீர்கள்

போன வாரம் தஞ்சாவூரிலிருந்து ஒரு அப்பா, பிளஸ் டூ முடித்த மகளோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார். சென்னையில் ஒரு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டுக்கு நேர்முகத் தேர்வு முடிந்து மூன்று வாரம், இன்னும் முடிவு வரவில்லை. காலையில் அம்மா "மெயில் வந்துச்சா" என்று கேட்கிறார், சாயங்காலம் அப்பா, ராத்திரி போனில் சித்தப்பா. எதற்கும் இருக்கட்டுமென்று இன்ஜினீயரிங் சீட்டுக்கு ரூ.50,000 கட்டி வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்தார்.

கட்டாதீர்கள் என்றேன். சென்னையில் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், அதை நான் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை கேட்காத படிப்புக்குப் பயத்தில் பணம் கட்டுவது, உன்மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அவள் கையில் ரசீது கொடுப்பது மாதிரி. முதலில் அந்த 'வந்துச்சா'வை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். வந்தால் அவளே சொல்வாள்.

பேசிய முக்கால் மணி நேரமும் அந்தப் பெண் என் மேஜையிலிருந்த ஸ்கேலைக் கையில் வைத்து, அதன்மேல் விரல்களை மூடித் திறந்துகொண்டே இருந்தாள். என்னம்மா அது என்றேன். தெருமுனைக் கோயில் நாயனக்காரரிடம் இரண்டு வருஷமாக நாதஸ்வரம் கற்கிறாளாம்! பிறகு ஏன் வாய்ப்பாட்டுக்குப் போட்டீர்கள்? "பொம்பளப் புள்ள நாயனம் வாசிச்சா யாரு கட்டிக்குவான்னு எங்க அக்கா..." என்று அப்பா இழுத்தார். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் என்ற பெண் கலைஞர் வாசித்த கருவி சார் இது. காலீஷாபி மெஹபூப் கணவர் ஷேக் மெஹபூப் சுபானியோடு சேர்ந்து 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ வாங்கியதும் இதே கருவிக்குத்தான்.

உங்கள் ஊரிலிருந்து 13 கிலோமீட்டரில் திருவையாறு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, நாதஸ்வரத்துக்கே பட்டயப் படிப்பு உண்டு. தினம் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். சாயங்காலம் கோயில் நாயனக்காரரிடம் பாடமும் விட்டுப்போகாது, இந்த வாத்தியத்துக்கு அது ரொம்ப முக்கியம். அரசுக் கட்டணம் நீங்கள் கட்ட நினைத்த தொகையில் சிறு பங்குதான். மிச்சத்தில் நரசிங்கம்பேட்டைக்குப் போய் அவள் மூச்சுக்கு ஏற்ற நாதஸ்வரம் சொல்லிச் செய்து வாங்குங்கள். 2022-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், பழைய வீடுகளின் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளி தேய்ந்துகொண்டே இருக்கும், அந்தச் செலவு நிற்காது, அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம் வேலை? கல்யாண சீசனை மட்டும் நம்பச் சொல்லவில்லை. அறநிலையத்துறைக் கோயில்களில் நாதஸ்வரப் பணியிடம் வந்தால் இசைப் பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள், வானொலியில் வாசிக்கக் கலைஞர் தேர்வும் இருக்கிறது.

நாளைக்கே விண்ணப்பம் வாங்குங்கள். சென்னையிலும் கிடைத்துவிட்டால் எது என்று அவள் முடிவு செய்யட்டும், ஆனால் விடுதிக்குக் கடன் வாங்கித்தான் சென்னை என்றால் வேண்டாம்.

சரி, அக்காவிடம் நானே பேசட்டுமா என்றேன். நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.