நகரத்துப் புகைக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் என்ன தொடர்பு?

முக்கியமான இணைப்பு கரித்துகள். டீசல், விறகு, குப்பை என எதுவும் முழுசாக எரியாதபோது வெளிவரும் நுண்ணிய கரி அது. நுரையீரலுக்குள் போவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெயிலில் கறுப்புச் சட்டை சுடுகிற மாதிரி, சூரிய ஒளியை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். இமயமலைப் பனியில் படிந்தால் பனி சீக்கிரம் உருகும்.

நல்லவேளை, மிஞ்சினால் ஓரிரு வாரத்தில் கரித்துகள் காற்றிலிருந்து கீழே படிந்துவிடும். புகையைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பி.எஸ்.6 விதி வந்தபின் புது டீசல் கார்களில் துகள் வடிகட்டி இருக்கிறது. பழைய லாரிகளும் தெருமுனையில் கொளுத்தும் குப்பையும்தான் (என்னைக் கேட்டால்) பெரிய தலைவலி.

காற்றுத் தரக் குறியீடு பச்சையில் இருந்தால் பருவநிலைக்கும் கவலையில்லை என்று நினைக்காதீர்கள்: நிறமோ மணமோ இல்லாத கார்பன் டை ஆக்சைடு அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.