புற்றுநோய் சிகிச்சை நடக்கும்போது சர்க்கரையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு வாய்ப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது, அடுத்த வாரம் ரேடியேஷன் ஆரம்பம். சர்க்கரை, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடும் என்கிறார்கள். உண்மையா? எப்படிச் சாப்பிட்டால், எப்படி இருந்தால் மீண்டு வரலாம்?

நிறுத்தாதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் கொஞ்சம் வேறு கதை, அதைக் கீழே சொல்கிறேன். மற்றபடி இப்போதைக்கு அவர் தட்டிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தத் தவறைச் செய்து பார்த்த குடும்பம் எங்களுடையது. செய்ய வைத்தவன் நான்.

என் அண்ணனுக்கு நாக்கில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு 30 முறை ரேடியேஷன். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம், கூடவே வாரம் ஒரு கீமோ. ‘புற்றுநோய் செல்லுக்குச் சர்க்கரைதான் தீனி’ என்று ஆரம்பிக்கும் ஒரு வாட்ஸ்அப் பட்டியலை அவருக்கு அனுப்பி வைத்தேன். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பட்டியலில் இருந்த அத்தனையையும் விட்டார். மூன்று வாரத்தில் ஏழு கிலோ இறங்கியது. “கட்டி காயுது பாரு” என்று சந்தோஷம் வேறு. கட்டியைத்தான் ஏற்கெனவே வெட்டி எடுத்தாயிற்றே என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

காட்டிக்கொடுத்தது முகமூடி. தலை, கழுத்துப் பகுதிக்கு ரேடியேஷன் என்றால் ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் படிய வைப்பார்கள். ஆறியதும் அது முகத்தின் அச்சாக இறுகிவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டினால் தலை அசையாது, கதிர் குறித்த இடத்தில் விழும். முதல் நாள் அண்ணன் வெளியே வந்தபோது நெற்றியிலும் கன்னத்திலும் வலையின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. நான்காவது வாரம் அந்தத் தடத்தையே காணோம். டெக்னீஷியன் முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். மறுபடி ஸ்கேன், புது முகமூடி, புதுக் கணக்கு. அதற்குள் சில நாட்கள் சிகிச்சை நின்றுபோனது. இந்த வகைப் புற்றுநோயில் அப்படி விடுபடும் நாட்களுக்கு விலை உண்டு. மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்கள் அந்த அவகாசத்தில் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும்.

சரி, சர்க்கரைக் கதை எங்கிருந்து வந்தது? முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. 1920களில் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அள்ளி விழுங்கி லாக்டிக் அமிலமாக்கித் தள்ளுவதைக் கவனித்தார். உடம்பில் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று தேடும் பெட் ஸ்கேன் இந்தக் குணத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. கதிரியக்க ஃப்ளோரின் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் அதே படத்தில் மூளையும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அதற்கும் தீனி அதுதான். நாம் வாயைக் கட்டினால் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து குளுக்கோஸைக் கொடுக்கும். அது ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்ததும் உடம்பு தசையைக் கரைத்து அதிலிருந்து குளுக்கோஸ் செய்துகொள்ளும். ரத்தத்தில் சர்க்கரை எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வற்றுவது கையும் காலும்தான். அண்ணனின் ஏழு கிலோ அப்படித்தான் போனது.

உணவியல் நிபுணர் எங்களுக்குச் சொன்ன கணக்கு: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 1500 முதல் 1800 கலோரி, 60 முதல் 90 கிராம் புரதம். எழுதிப் பார்த்தால் சுலபம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணான பிறகு இதை உள்ளே அனுப்புவதுதான் பெரும்பாடு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் டாக்டர் கொடுத்த வலி மருந்து. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து நாளைக்குப் பல முறை வாய் கொப்பளிப்பது. எல்லாமே இரும்பு நக்கியது போல இருக்கிறது என்றதால் பிளாஸ்டிக் ஸ்பூன். சூடான உணவின் வாசனையே குமட்டியதால் ஆற வைத்து, மசித்து, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக. அப்படியும் போதவில்லை, மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அண்ணன் அதை ‘கடைசிக் கட்டம்’ என்று நினைத்து ஒரு வாரம் முரண்டு பிடித்தார். அம்மாவுக்கும் அப்படிச் சொன்னால் பயப்படாதீர்கள். அது கொஞ்ச காலத்துக்கு மட்டும் போடும் மாற்றுப் பாதை.

சர்க்கரை நோய் இருந்தால்: வாந்தியை அடக்கக் கீமோவோடு தரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். நீங்களாகச் சாப்பாட்டைக் குறைக்காமல் டாக்டரிடம் சொல்லி மருந்து அளவை மாற்றச் சொல்லுங்கள். கீமோவும் உண்டென்றால் இன்னொன்று. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம், சின்னத் தொற்றும் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

உண்மையிலேயே நிறுத்த வேண்டியது புகையிலை. இதில்தான் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். பாலைக்கூட விட்ட அண்ணன் சிகரெட்டை விடவில்லை. மொட்டை மாடியில் ஒளித்து வைத்திருந்த பெட்டியை அண்ணிதான் கண்டுபிடித்தார். கதிர் வேலை செய்ய திசுக்களில் ஆக்சிஜன் வேண்டும். சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் ரேடியேஷன் எடுத்துக்கொண்டே மறுபக்கம் அதன் காலை வாரிவிடுகிற வேலை. மெல்லுகிற புகையிலை, மது இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்புறம், யாராவது சத்து மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். காய்கறியில் இருப்பதுதானே, என்ன கெடுதல் என்று தோன்றும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள்; 18 சதவீதம் கூடியது. டாக்டரிடம் காட்டாமல் எந்த மாத்திரையும் வேண்டாம்.

காய்கறி, பழம், முழுத் தானியம், எடையைக் கட்டுக்குள் வைப்பது, இனிப்பைக் குறைப்பது எல்லாம் நல்ல அறிவுரைதான். நோய் வராமல் இருக்கவும், சிகிச்சை முடிந்து உடம்பு தேறிய பிறகும் அதெல்லாம் பொருந்தும். உடல் பருமன் 13 வகைப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதால் சர்க்கரைக்கும் அந்தச் சுற்றுவழியில் பங்கு உண்டு. சிக்கல் என்னவென்றால், ஆரோக்கியமாக இருப்பவருக்குச் சொன்னதைச் சிகிச்சையின் நடுவில் இருப்பவர் மேல் திணிக்கிறோம். நான் செய்தது அதைத்தான்.

சிகிச்சை முடிந்த பிறகு ஆராய்ச்சியில் நல்ல பெயர் வாங்கியிருப்பது உடற்பயிற்சி. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2025இல் வந்தது. மூன்று வருடம் பயிற்சியாளரின் மேற்பார்வையில் நடை போன்ற பயிற்சிகள் செய்தவர்களில் எட்டு வருடம் கழித்து 100க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கிப் போனவர்களில் 83 பேர். வாய்ப் புற்றுநோய்க்கும் அதே எண் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அண்ணனை மாடிப்படி ஏற வைத்தது இந்தச் செய்திதான். முதல் நாள் ஆறு படியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார். உமிழ்நீர் இன்னும் சரியாகச் சுரக்கவில்லை, தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது: ரேடியேஷன் தொடங்கும் முன்பே அம்மாவைப் பல் டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று கேளுங்கள், பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறுவது கடினம். இன்றைக்கே எடை பார்த்து எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை, அதே தராசில், காலையில். இரண்டு கிலோ குறைந்தாலும் அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டுங்கள்.